எலும்புப் பொடியா, பவளப் பற்பமா?

“வைத்தியரய்யா, பல்லு கட்டுறதுக்கு முன்னால தாடையில எலும்புப் பொடி வைக்கணும்ங்கிறாங்க. அது மாட்டு எலும்பாமே! அதுக்குப் பதிலா நீங்க ஒரு பற்பம் குடுத்து எலும்பை வளத்து விடக் கூடாதா?”

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ‘இம்ப்ளான்ட்’ பல் இப்போது சகஜமாகிவிட்டது. கூடவே இந்தக் கேள்வியும் சகஜமாகிவிட்டது. ஆண்டாளைச் சேவித்துவிட்டு வரும் பெரியவரும் கேட்கிறார், மில்லில் ஷிப்ட் முடித்து வருபவரும் கேட்கிறார். சித்த மருத்துவன் ஆயிற்றே, ‘பற்பமே போதும்’ என்று சொல்வேன் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அப்படி நான் சொல்ல மாட்டேன். ஏன் தெரியுமா?

பல்லைப் பிடுங்கியதும், அதைத் தாங்கிக்கொண்டிருந்த எலும்புக்கு வேலை போய்விடுகிறது. வேலையில்லாத எலும்பை உடம்பு வைத்துக்கொள்வதில்லை, கரைத்துவிடும். பல் போன இடத்தில் முதல் வருஷத்திலேயே தாடை விளிம்பின் அகலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடலாம். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்துக்குள்! “பாத்துக்கலாம்” என்று ஐந்தாறு வருஷம் கழித்துப் போகிறவருக்கு அங்கே என்ன மிஞ்சியிருக்கும்? இம்ப்ளான்ட் என்பது ஒரு டைட்டானியத் திருகு. 1965-ல் ஸ்வீடனில் டாக்டர் பிரோனமார்க் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அதைப் பொருத்தினார். சுற்றிலும் உயிருள்ள எலும்பு இறுக்கிப் பிடித்தால்தான் அந்தத் திருகு நிற்கும். எலும்பு மெலிந்துபோன இடத்தை நிரப்பத்தான் இந்தப் பொடி.

வைத்த பொடியே எலும்பாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். வீடு கட்டும்போது சாரம் கட்டுகிறோமே, அதுமாதிரிதான். பொடியிலுள்ள நுண்ணிய துளைகளுக்குள் ரத்தக்குழாய்கள் நுழைகின்றன, பின்னாலேயே எலும்பு செல்கள் வந்து கட்டத் தொடங்குகின்றன. கட்டுவது உங்கள் உடம்பு. அதற்கு நாலு முதல் ஆறு மாதம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகும். “ஏன் இவ்வளவு நாள் இழுக்கிறார்?” என்று பல் டாக்டரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இந்தச் சாரத்தை உங்கள் தாடையிலிருந்தே எடுக்கலாம், தானமாகக் கிடைத்த மனித எலும்பாகவும் இருக்கலாம், மாட்டு எலும்பாகவும் இருக்கலாம், செயற்கையாகவும் தயாரிக்கலாம். செயற்கையில் முக்கியமானது ஹைட்ராக்ஸிஅபடைட். நம் எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த வகைத் தாதுதான். இது மெதுவாகக் கரையும், வருஷக்கணக்கில் தங்கும். இன்னொன்று பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட். இது சில மாதங்களில் கரைந்து புது எலும்புக்கு இடம் விடும். இரண்டையும் கலந்தும் விற்கிறார்கள். வெளிநாட்டுச் சரக்கு மட்டும்தான் என்றில்லை. செங்கோட்டை தாண்டிப் போனால் வரும் திருவனந்தபுரத்தில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இந்த வகை பயோசெராமிக் பொருள்களை உருவாக்கியிருக்கிறது.

இப்போது நம்ம பற்பத்துக்கு வருவோம். சங்கு, முத்துச்சிப்பி, பவளம் இவையெல்லாம் கால்சியம் கார்பனேட். எலும்புக்கு வேண்டியதோ கால்சியம் பாஸ்பேட். இதில் ஒரு ருசிகரமான செய்தி உண்டு. 1974-ல் அமெரிக்காவில் டெல்லா ராய் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய சகாவும் கடல் பவளத்தை வெப்பத்திலும் அழுத்தத்திலும் வைத்து, அதன் துளைகள் கெடாமலே அதை ஹைட்ராக்ஸிஅபடைட்டாக மாற்றிக் காட்டினார்கள். பவளத்தின் துளை அமைப்பு எலும்பின் துளை அமைப்பை ஒத்திருக்கிறதாம்! தாடையில் வைக்கும் பொடியாகவும் அது வந்தது. மாட்டு எலும்பையும் உயர் வெப்பத்தில் வாட்டி, புரதத்தை நீக்கி, தாதுவை மட்டும் எடுக்கும் முறை உண்டு. புடம் போட்டுப் பழகிய எனக்கு இதைப் படிக்கும்போது உள்ளூர ஒரு சந்தோஷம்தான்.

சந்தோஷம் வேறு, வைத்தியம் வேறு. ‘பார்த்தீர்களா, நம் சித்தர்கள் அன்றே இம்ப்ளான்ட் பொடி கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்று மேடையில் பேசலாம், கைதட்டு கிடைக்கும். ஆனால் பற்பம் வாய்வழியாக உட்கொள்ளும் மருந்து. அது வயிற்று அமிலத்தில் கரைந்து, கொஞ்சம் ரத்தத்தில் சேருகிறது. ரத்தத்தில் கலந்த சுண்ணாம்புக்கு உங்கள் கடைவாய்ப் பல்லின் விலாசம் தெரியாது. பிரண்டையும் அப்படித்தான். 1960-களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் உடுப்பா குழுவினர் விலங்குகளில் சோதித்து, முறிந்த எலும்பு சேர அது உதவுவதாகச் சொன்னார்கள். துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், நல்லது. முறிந்த எலும்பு சேருவது ஒன்று, கரைந்துபோன தாடை விளிம்பு திரும்ப எழுவது இன்னொன்று. ‘மூணு மாசத்தில் தாடை எலும்பை வளர்க்கிறோம்’ என்று எந்த வைத்தியர் விளம்பரம் போட்டாலும், அவர் என் துறைக்காரராகவே இருந்தாலும், நம்பாதீர்கள்.

பல் மருத்துவர்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பில்லில் ‘போன் கிராஃப்ட்’ என்று ஒரே வரி. அது மாடா, மனிதனா, செயற்கையா? சொல்வதில்லை. மாட்டு எலும்புப் பொடி பல வருஷம் ஆராயப்பட்ட நல்ல பொருள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் முட்டைகூடத் தொடாத குடும்பத்துக்காரருக்கு அதை முன்கூட்டியே தமிழில் சொல்ல வேண்டாமா? இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. பொடி செயற்கையாக இருந்தாலும், அதன்மேல் மூடும் மெல்லிய சவ்வு பெரும்பாலும் மாடு அல்லது பன்றியின் கொலாஜனில் செய்தது. அதையும் சேர்த்துக் கேளுங்கள். பெட்டி லேபிளிலுள்ள பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றையும் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம், பணம் கொடுப்பது நீங்கள்! சின்னக் குழிக்குச் செயற்கைப் பொடியே போதுமானதாக இருக்கும். பெரிய பள்ளமென்றால் உங்கள் எலும்பையே கொஞ்சம் எடுத்துச் சேர்க்க வேண்டும் என்பார்கள். அதில் முடிவு அவருடையது.

சாரம் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் கொத்தனார் வேண்டுமே? பீடியும் சிகரெட்டும் ரத்த ஓட்டத்தைக் குறைத்துக் கொத்தனாரை விரட்டிவிடும், வாயில் ஒதுக்கும் புகையிலை ஈறையே கெடுக்கும். கட்டுப்படாத சர்க்கரையும் அப்படியே. பால்கோவா ஊரில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். ஈறில் சீழும் ரத்தமும் இருக்கும்போது பொடி வைத்தால் காசுதான் தண்டம். கழற்றி மாட்டும் பல்செட்டில் சௌகரியமாகச் சாப்பிடுகிற எழுபது வயசுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் வைத்துக்கொண்டார் என்பதற்காக இதில் இறங்கவே வேண்டாம்.

எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ வருஷம் ஒரு ஊசியோ எடுக்கிற பெண்கள், பல் டாக்டரிடம் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த மருந்து எடுப்பவர்களில் மிகச் சிலருக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பே செத்துப்போவது உண்டு. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தியும் விடாதீர்கள். எங்களிடம் வாங்கிச் சாப்பிடும் பற்பம், செந்தூரம், லேகியப் பெயர்களையும் ஒரு சீட்டில் எழுதி அவரிடம் கொடுங்கள்.