ஊறும் நோவும்

ஐம்புலன் உணர்வுகளுள் ஒன்றான தீண்டலைத் தமிழ் ‘ஊறு’ என்கிறது. காயத்திற்கும் துன்பத்திற்கும் அதே சொல்லே வழங்குகிறது. இவ்விரண்டும் ஒரு சொல்லுள் அடங்கியிருப்பது சொல்லாராய்ச்சியார்க்கு மட்டும் உரிய செய்தியன்று. தோல் மருத்துவர்க்கும் உரியது என்பது எம் கருத்து.

1965இல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்னும் அறிஞர் இருவர் வலி பற்றிய ‘வாயிற் கொள்கை’யை வெளியிட்டனர். தீண்டலைச் சுமக்கும் தடித்த நரம்பிழைகளின் செய்தி மிகுந்து வரின், மெல்லிய இழைகள் கொணரும் வலிக்குரிய வாயில் தண்டுவடத்தில் ஒடுங்கும் என்பது அதன் சாரம். இடறி விழுந்த குழந்தையின் முழங்காலைத் தாய் தேய்த்துவிடுவதும் இதனாலேயே. பின்வந்த ஆய்வுகள் கொள்கையைச் சிற்சில இடங்களில் திருத்தின. எனினும் அதன்வழி ‘டென்ஸ்’ என்னும் சிறு மின்கருவி பிறந்தது. தோலின்மீது ஒட்டும் பட்டைகள் வாயிலாக நொடிக்கு ஐம்பது, நூறு என மெல்லிய மின்துடிப்புகளை அது செலுத்தும். இயன்முறை மருத்துவர்கள் முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் இதனை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர்.

லேசர் ஒளியால் பச்சையை நீக்கும்போதும், மின்னூசியால் முடிவேரைக் கருக்கும்போதும் இது துணையாகலாம். யாவர்க்கும் ஒரே அளவில் பயன் தரும் என்று நாம் சொல்லவில்லை. ஆய்வு முடிவுகள் ஒத்தனவாக இல்லை. பனிக்கட்டியும் மரப்புக் களிம்பும் முதலிடம் பெறுவதே முறை. இதயமுடுக்கி பொருத்தியவர்க்கு இக்கருவி ஆகாது. புண்பட்ட தோலின்மீது பட்டையை ஒட்டலாகாது. ஆனால் களிம்பு போதாத இடத்தில் எளியதொரு கருவியை எண்ணிப் பார்க்கவும் மறுப்பது ஏன்?

விடை மருத்துவத்தில் இல்லை; நம் மனப்பாங்கில் இருக்கிறது. “அழகுக்காகத்தானே வந்தாய், பொறுத்துக்கொள்” என்னும் ஒரு சொல்லே போதும், நோயாளி வாய் மூடிக்கொள்வார். பிணியையும் வருத்தத்தையும் தொல்காப்பியர் இளிவரல் என்னும் மெய்ப்பாட்டின் நிலைக்களன்களுள் வைத்தார். நோவுடையார் தம்மை இழிந்தவராக எண்ணிக் குன்றுவதை அவர் அறிந்திருந்தார் போலும்.

அன்றியும், அழகுக்காக மட்டுமா வருகின்றனர்? சேர்வராயன் மலையின் செம்மநத்தம் போன்ற சிற்றூர்களிலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சேலம் வரவேண்டிய ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அடுப்புத் தீ முகத்தில் விட்ட தழும்பை அவள் மாற்ற விரும்பினால் அஃது ஆடம்பரமாகுமா? உடலிற் குத்திய நிலையான பச்சை படையில் சேரத் தடையாகுமோ என அஞ்சி அதனை நீக்க வரும் இளைஞரும் உளர். பழங்குடியினர் மரபுக்குப் படைவிதிகளில் விலக்கு உண்டு, ஏனையோர்க்கு முன்கையின் உட்புறம் போன்ற சில இடங்களில் மட்டுமே இசைவு உண்டு. பச்சை குத்துதலை இசுலாம் விலக்கியுள்ளது. அதனால், நீக்க வந்தவன் படும் நோவு அவனுக்குரிய தண்டனை என்று கூறுவாரும் உண்டு. அக்கூற்றை நாம் ஏலோம்.

இங்கே தமிழ்த்துறைக்கும் ஒரு பணி உண்டு. 1975இல் மெல்சாக், வலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் 78ஐ இருபது தொகுதிகளாக்கி வினாநிரல் ஒன்று அமைத்தார். நோயாளி தம் நோவுக்குரிய சொல்லைத் தாமே தெரிந்து சொல்வார். நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? கடுப்பு, குடைச்சல், உளைச்சல், குத்தல், காந்தல், எரிச்சல், விண்விண்ணெனத் தெறித்தல் என அடுக்கலாம். இவற்றுள் ஒன்றற்கொன்று ஈடாகாது. லேசர் பட்ட தோல் காந்தும். முடிவேரில் பாயும் ஊசி சுருக்கெனத் தைக்கும். இரண்டையும் ‘வலி’ என்று மட்டும் எழுதிக்கொள்ளும் மருத்துவர் பாதியையே கேட்டவராவார்.

இச்சொற்களை ஊர்தோறும் திரட்டிச் சிறு சுவடியாக்கி மருத்துவக் கல்லூரிகட்கு அளித்தல் முதுகலை மாணவர்க்கு ஏற்ற ஆய்வுப்பொருள். செம்மநத்தத்து மலையாளி மக்களிடம் வேறு சொற்கள் வழங்குமாயின், அவற்றைத் திருத்தாமல், அவர்கள் ஒலிக்குமாறே குறித்து வருதல் வேண்டும்.