கணக்குக் கேட்டால் துரோகமா?

ஒரு தொலைக்காட்சி விவாதம். பாதுகாப்புத் துறை ஒதுக்கீடு எங்கே போகிறது என்று ஒருவர் கேட்டு வாய் மூடவில்லை, "எல்லையில் வீரன் நிற்கிறான், உனக்குக் கணக்கு வேண்டுமா?" என்று பாய்ந்தார் எதிரில் இருந்தவர். அரைமணி நேரத்தில் அந்தக் காணொளி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்துவிட்டது, வரிசையாகத் தேசியக் கொடிகளோடு.

சரி, கணக்குக் கேட்ட துரோகிகள் யார்? 2018 மார்ச்சில் பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை வைத்தது. குழுத் தலைவர் பி.சி. கந்தூரி, ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல். அதுவும் ஆளுங்கட்சி எம்.பி. குழுவிடம் குறையைக் கொட்டியவர் ராணுவத் துணைத் தளபதி சரத் சந்த். தளவாடங்களில் 68 சதவீதம் அரதப்பழசு, அதிநவீனமானவை 8 சதவீதம்தான் என்றார். நவீனமயமாக்கலுக்குத் தந்த 21,338 கோடி ரூபாய், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட 29,033 கோடிக்கே காணாது என்றார். வீரன் கையில் பழசைக் கொடுத்தது கேள்வி கேட்டவனா?

அதே வாரம் மக்களவை எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளையும் கூச்சலுக்கு நடுவே, விவாதமே இல்லாமல், 'கில்லட்டின்' போட்டு நிறைவேற்றியது. செப்டம்பரில் கந்தூரியின் நாற்காலியில் கல்ராஜ் மிஸ்ரா உட்கார்ந்தார். ஜெனரலுக்கே இந்த மரியாதை!

கணக்குக் கேட்டால் ரகசியம் கசியுமாம். நிலைக்குழு கூடுவதே மூடிய அறையில்தான். பரிந்துரைப்பதைத் தாண்டி அதற்கு அதிகாரமும் கிடையாது. அதையும் இவர்களால் பொறுக்க முடியவில்லை. உளவு அமைப்புகளான ராவுக்கும் ஐ.பி.க்கும் தனிக் கண்காணிப்புக் குழுவே இல்லை. அதற்காக 2011-இல் எம்.பி. மணீஷ் திவாரி கொண்டுவந்த தனிநபர் மசோதா கிடப்பில் போயிற்று. அமெரிக்காவில் சி.ஐ.ஏ.வுக்கே பணம் வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தின் ஒதுக்கீட்டுத் துணைக்குழு கையெழுத்துப் போட வேண்டும். உளவுச் செலவின் மொத்தத் தொகையை 2007 முதல் ஆண்டுதோறும் வெளியிடவும் செய்கிறார்கள். சி.ஐ.ஏ. என்ன, ஷட்டரை இறக்கிவிட்டதா?

இதே தேசபக்தர்கள்தான் ரேஷன் அரிசிக்கும் நூறு நாள் வேலைக்கும் பைசா பைசாவாகக் கணக்குக் கேட்பார்கள். ஏழையின் கூலிக்கு ஆயிரம் தணிக்கை. ஆயுதக் கொள்முதல் என்றால் வாயில் விரல். ஓய்வுபெற்றதும் ஸ்டுடியோவில் மீசை முறுக்கும் அதிகாரிகளும் அந்த 68 சதவீதத்தை மறந்தும் சொல்வதில்லை.

ஓட்டுக் கேட்டு வரும் எம்.பி.யிடம் கேளுங்கள்: "பாதுகாப்பு மானியக் கோரிக்கையில் நீங்கள் என்ன கேட்டீர்கள்?" கேட்டதற்காக யாராவது உங்களைத் துரோகி என்றால், மேஜர் ஜெனரல் கந்தூரியும் துரோகியா என்று திருப்பிக் கேளுங்கள்.