பின்பாரம் ஏற்றச் சொல்பவருக்கு

பழைய டிராக்டர் வாங்குகிறவர்கள் அதை இரண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றி, இன்னொரு டிராக்டரால் இழுத்து ஊர் கொண்டுவந்து சேர்ப்பது எப்படி என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருந்தார். டிராக்டரை டிரெய்லரின் வால்பக்கம் ஒதுக்கி நிறுத்தினால் கொக்கியில் பாரம் விழாது, இழுக்கிற வண்டி முன்பக்கம் தூக்காது என்பது அவர் வாதம். வழியில் டிரெய்லர் ஆடினால் ஆக்சிலரேட்டரைக் கூட்டுங்கள், நேராகிவிடும் என்கிறார். கட்டுவதற்குக் கயிறு போதுமாம். மூன்றும் தவறு. முதல் இரண்டும் ஆளைக் கொல்லும் தவறு.

பார வண்டி ஓட்டிய பெரியவர் எவரிடமாவது இவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நெல் மூட்டை ஏற்றும்போது அவர்கள் முதலில் பார்ப்பது முன்பாரமா பின்பாரமா என்பதைத்தான். பின்பாரமானால் நுகத்தடி மேலே எழும்பும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். மாடு கால் ஊன்ற முடியாமல் திணறும். அதனால் மூட்டைகளை மாற்றி அடுக்கி, நுகம் கழுத்தில் சற்றே அழுந்தும்படி செய்த பிறகுதான் வண்டியைக் கிளப்புவார்கள். என் அப்பா மாட்டைப் பூட்டுவதற்கு முன்னால் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். கொஞ்சம் கனக்க வேண்டும். லேசாக எழும்பிவிட்டால் பின்பக்க மூட்டைகள் முன்னால் வரும். இரண்டு சக்கர டிரெய்லரும் ஒற்றை அச்சில் நிற்கும் அதே வண்டிதான். மாட்டின் கழுத்து இருந்த இடத்தில் இப்போது டிராக்டரின் கொக்கி இருக்கிறது.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். கொக்கிக்கும் டிரெய்லர் அச்சுக்கும் இடையே பத்தடி என்று வைத்துக்கொள்வோம். ஏற்றிய டிராக்டர் 2,000 கிலோ. அதன் எடை மையம் அச்சுக்கு ஓரடி முன்னால் இருந்தால் கொக்கியை 200 கிலோ அழுத்தும். ஓரடி பின்னால் போனால் அதே 200 கிலோ கொக்கியை மேலே தூக்கும். டிராக்டரை இரண்டடி நகர்த்தியதில் 400 கிலோ வித்தியாசம். வெறும் டிரெய்லரின் மூக்குக் கனம் அதில் கொஞ்சத்தை ஈடுகட்டும், அவ்வளவுதான். கொக்கி மேலே எழும்பினால் பிடிமானம் போவது இழுக்கிற டிராக்டரின் பின்சக்கரங்களுக்கு. இழுவையும் அங்கேதான், பிரேக்கும் அங்கேதான். நம் ஊர் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது. பின்னால் வரும் மொத்தப் பாரத்தையும் அந்த இரண்டு டயர்கள்தான் நிறுத்தியாக வேண்டும். அந்த டயர்கள் தரையை அழுத்துவதையே குறைக்கச் சொல்கிறார் கட்டுரையாளர்.

ஆட்டத்துக்கு வருவோம். நுனி கனத்த அம்பு நேராகப் பாயும், வால் கனத்த அம்பு காற்றில் புரளும். எடை மையம் அச்சுக்கு முன்னால் இருக்கும்போது, டிரெய்லர் ஒரு பக்கம் விலகினாலும் டயர்கள் தரையைப் பற்றும் விசை அதை மறுபடி வரிசைக்குக் கொண்டுவருகிறது. மையம் பின்னால் போனால் அந்த விலகலைப் பின்பாரம் இன்னும் வளர்க்கிறது. இதற்கு ஒரு வேக எல்லை உண்டு. எல்லைக்குக் கீழே ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடச் சிறுத்து அடங்கிவிடும். எல்லையைத் தாண்டினால் ஒவ்வொன்றும் பெருத்துக்கொண்டே வரும். பின்பாரம் அந்த எல்லையைத் தாழ்த்திவிடுகிறது. சமமான சாலையில் ஒழுங்காக வந்த வண்டி பாலத்து இறக்கத்தில் வேகம் பிடித்ததும் பாம்பாக நெளிவது இதனால்தான். அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரைக் கூட்டினால் ஒரு நொடி இழுவையில் டிரெய்லர் நேரானதுபோலத் தெரியும். அந்த நொடி கழிந்ததும் கூடிய வேகத்தில் இன்னும் பெரிய ஆட்டம் வரும். ஆக்சிலரேட்டரை விட வேண்டும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும். கிளட்சை மிதிக்கக் கூடாது, பிரேக்கில் பாயக் கூடாது.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. இருபது வருடங்களுக்கு முன் ரோட்டவேட்டரைக் கழற்றாமல் ஒரு டிராக்டரை ஏற்றினேன். பாரம் முழுக்கப் பின்னால். கால்வாய்ப் பாலத்து இறக்கத்தில் டிரெய்லர் ஆடியது, பதறிப்போய் பிரேக்கை மிதித்தேன். டிராக்டருக்கு இடது வலது என இரண்டு பிரேக் பெடல்கள். வயலில் திரும்ப வசதியாகப் பிரித்து வைத்திருந்ததைச் சாலைக்கு ஏறும்போது லாக் போட்டு இணைக்க மறந்திருந்தேன். காலில் பட்டது ஒரு பெடல்தான். டிராக்டர் ஒரே பக்கமாகச் சுழன்று மைல்கல்லில் மோதி நின்றது. மட்கார்டில் உட்கார்ந்திருந்த பையன் கால்வாயில் விழுந்தான், கை முறிந்தது. அவனை அங்கே உட்கார வைத்ததும் என் குற்றம்தான்.

கட்டுரையாளர் ஒன்றைச் சரியாகக் கவனித்திருக்கிறார். கொக்கியில் பாரம் மிதமிஞ்சினால் இழுக்கும் டிராக்டரின் முன்சக்கரம் தூக்கும், ஸ்டியரிங் கேட்காது. அதற்கு வைத்தியம் பின்பாரம் இல்லை. முன்பக்கத்தில் வெயிட் மாட்டுங்கள். மேல் லிங்க்கில் எதையும் கட்டி இழுக்காமல் தாழ்ந்த டிராபாரில் மாட்டுங்கள். முன்பாரத்தையும் அளவோடு வையுங்கள். அமெரிக்காவில் பிக்கப் வண்டிக்குப் பின்னால் டிராக்டரை ஏற்றி இழுப்பவர்களுக்குச் சொல்லப்படும் அளவு, டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் நிற்க வேண்டும் என்பது. அப்பா கையால் தூக்கிப் பார்த்த பக்குவத்தை அவர்கள் எண்ணில் சொல்கிறார்கள்.

கட்டுரையாளர் டிராக்டரை முன்முகமாக ஓட்டி ஏற்றச் சொல்வதையும் விட்டுவிட முடியாது. டிராக்டரின் எடையில் பாதிக்கு மேல் பின்சக்கரங்களில் நிற்கிறது. சரிவில் முன்முகமாக ஏறினால் முன்சக்கரம் எழும்பி, ஓட்டுகிறவர்மேலேயே வண்டி மல்லாந்து கவிழலாம். ரிவர்ஸில் ஏற்றினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும், கனத்த பின்பக்கமும் டிரெய்லரின் முன்பாகத்துக்கு வந்து சேரும். பிறகு கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நான்கு மூலைக்கும் செயின் போட்டு இறுக்க வேண்டும். நைலான் கயிறு நீண்டுகொடுக்கும். நாலைந்து கிலோமீட்டர் போனதும் இறங்கிப் பாருங்கள். செயினே தளர்ந்திருக்கும், கயிறு எம்மாத்திரம்?

முப்பது வருடமாக இப்படித்தான் ஏற்றுகிறோம், ஒன்றும் ஆகவில்லை என்று முடித்திருக்கிறார். முப்பது வருடங்களுக்கு முன்பு இருந்த சாலையும் போக்குவரத்துமா இப்போது இருக்கின்றன? எதிரே பேருந்து வரும்போது டிரெய்லர் வால் நடுச்சாலைக்கு வீசினால், அடிபடுவது இவருடைய அனுபவம் அல்ல, பேருந்தில் இருப்பவர்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பத்திரிகையில் வருவதைக் கத்தரித்து டிராக்டர் ஷெட்டில் ஒட்டி வைக்கிறவர்களை எனக்குத் தெரியும். அடுத்த இதழிலேயே, அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அது தவறு என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.