திரைப்பட விமரிசனமும் கேளாச் செவிகளும்

தமிழில் மாற்றுத் திரைப்படமொன்று வெளிவந்ததும் அதனைப் பற்றி எழுதப்படும் விமரிசனங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவையாகவே காணப்படுகின்றன. முதலிற் கதைச் சுருக்கம். அடுத்து அக்கதை சுட்டும் சமூகப் பிரச்சினை. பின்னர் நடிப்பு, ஒளிப்பதிவு பற்றி ஓரிரு வரிகள். ஈற்றில், ‘பாடல்களே இல்லை’ என்ற பாராட்டு. வணிகப் படங்களின் ஆடல் பாடல்களாற் சலிப்புற்ற தலைமுறையொன்றுக்கு இப்பாராட்டு அவசியமாக இருந்திருக்கலாம். ஆயின், பாடல் இல்லை என்பது தகவலேயன்றி மதிப்பீடு அன்று. பாடல் அகற்றப்பட்ட இடத்தில் எது வைக்கப்பட்டது, அது படத்துக்கு என்ன செய்தது என்ற வினாவிலிருந்தே விமரிசனம் தொடங்குதல் வேண்டும். அவ்வினாவை எழுப்பாத விமரிசகர் படத்தைப் பார்த்தாரேயன்றிக் கேட்டாரல்லர்.

மட்டக்களப்பிற் பிறந்து தமிழகத்திற் புகழ்பெற்ற பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) இதற்குத் தக்க சான்றாகும். பாடல்களற்ற அப்படத்தில் ஒலிப்பது அதற்கென இயற்றப்பட்ட இசையன்று. இளையராஜா 1986 இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் தொகுப்பிலிருந்து எடுத்தாளப்பட்ட இசையாகும். கட்டி முடியாத வீட்டை முதியவர் தனியே சென்று சுற்றிப் பார்க்கும் காட்சியில் பேச்சின் இடத்தை இசையே பெறுகின்றது. கடனுக்கும் ஏமாற்றுக்கும் இடையே எழும் எளியதொரு குடும்பத்தின் வீட்டினுள், கர்நாடக இசையும் ஐரோப்பியச் செவ்வியல் இசையும் சந்திக்கும் ஒரு தொகுப்பு நுழைவது பொருத்தமா? அது முதியவரின் மனநிறைவைச் சொல்கின்றதா, அன்றி வரவிருக்கும் இழப்பை முன்னுணர்த்துகின்றதா? இப்படத்தின் யதார்த்தத்தைப் போற்றுவோர் இவ்வினாக்களிற் பெரிதும் தங்குவதில்லை.

சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) மகளை இழந்த தாய் கதறும் காட்சி ஈண்டு நோக்கற்பாலது. அவளது குரல் கேட்பதில்லை. ரவிசங்கரின் இசையமைப்பில் தார் ஷெனாய் என்னும் நரம்பு வாத்தியமே கேட்கின்றது. அழுகைக்கு இசை மெருகூட்டவில்லை. அழுகையின் ஒலியை நீக்கி அவ்விடத்தில் நிற்கின்றது. இதனைக் குறிப்பிடாது அப்படத்தின் ‘மனிதாபிமானம்’ பற்றி எழுதுதல், செய்யுளின் ஓசையை விட்டுப் பொழிப்புரையை மட்டும் மதிப்பிடுவதை ஒக்கும்.

தொலைக்காட்சித் தொடர்களின் இசையோ விமரிசனத்துக்கே உரியதன்று என ஒதுக்கப்படுகின்றது. தொடர்நாடகங்களில் ஒரு முகத்தைப் பலமுறை காட்டி இடியொலி எழுப்பும் வழக்கத்தை எள்ளுவோர் பலர். அதன் காரணத்தை ஆராய்வோர் சிலரே. திரையரங்கில் இருப்பவர் இருளில் அமர்ந்து பார்க்கின்றார். தொலைக்காட்சியைப் பார்ப்பவரோ சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே நடமாடுகின்றார். விலகிய கண்ணைச் செவி வழியாக மீட்டழைப்பது அவ்விசையின் தொழில். அத்தொழிலைக் கண்ணியமாகவும் செய்யலாம் என்பதற்கு, சங்கர் நாக் இயக்கி 1980களில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான ‘மால்குடி நாட்கள்’ தொடருக்கு எல். வைத்தியநாதன் அமைத்த முகப்பிசை சான்றாகும். சொற்பொருளற்ற சில அசைகளைக் கொண்டு, ஆர். கே. நாராயணின் சிற்றூருக்கு ஒரு குரலை அவர் அளித்தார். பாலு மகேந்திராவின் ‘சந்தியா ராகம்’ (1989) படத்துக்கு இசையமைத்தவரும் அவரே. ஒரே கலைஞர் இரு ஊடகங்களிலும் இயங்கியிருக்க, ஒன்றைக் கலையென்றும் மற்றதை இரைச்சலென்றும் கேளாமலே பிரிப்பது எந்த நியாயத்தின்பாற்பட்டது?

சமூக உள்ளடக்கமே முதன்மையானது, இசை உருவம் சார்ந்த விடயம் என்று சிலர் வாதிடுவர். இவ்வாதம் அவர்கள் சார்ந்து நிற்கும் மரபுக்கே முரணானது. பிறெக்டுடன் இணைந்து பணியாற்றிய ஹான்ஸ் ஐஸ்லர், அடோர்னோவுடன் சேர்ந்து எழுதித் திரையிசை பற்றி 1947 இல் வெளிவந்த நூல், காட்சி சொன்னதையே திருப்பிச் சொல்லும் இசையைக் கடுமையாகச் சாடியது. யாருக்காக இரங்க வேண்டும், எப்போது அழ வேண்டும் என இசை கட்டளையிடுமாயின், சிந்திக்கும் உரிமை பார்வையாளரிடமிருந்து பறிக்கப்படுகின்றது. ஒடுக்கப்பட்டோருக்காகப் பேசும் படமொன்று அவ்வாறு செய்யுமாயின் அதன் அரசியலே ஐயத்துக்குரியதாகின்றது. எனவே இசையும் உள்ளடக்கமே.

இராக இலக்கணம் அறியாதார் இசை பற்றி எழுதுதல் எங்ஙனம் என்ற தயக்கமும் நியாயமானதன்று. இசை எங்கே தொடங்குகின்றது, எங்கே நிற்கின்றது, யாருடைய பக்கம் சாய்கின்றது, எந்த ஒலியை மறைக்கின்றது என்பவற்றை அறியக் கவனமே போதும்.

இன்று யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் இளைஞர் பலர் சிறு முதலீட்டிற் குறும்படங்களை ஆக்குகின்றனர். இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் சோக இசைத்துண்டொன்றைப் படத்தின் அடியில் விரித்துவிடுவது அவர்களுக்கு எளிது. அது தவறு என்று கூறும் விமரிசனம் இல்லாதபோது, அதுவே வழக்கமாகிவிடும். கருவை மட்டும் பாராட்டி அனுப்பும் விமரிசகர் அவ்விளைஞருக்கு நன்மை செய்பவரல்லர். கற்றுக்கொள்ளும் வாய்ப்பையே அவர்களிடமிருந்து பறிப்பவராவார்.