மெஷின் அனுப்பாதீங்க, நீளப்பிடி அனுப்புங்க

எங்க தெருவுல மட்டும் நாலு வீட்டுல அந்த மெஷின் இருக்கு. கைக்கு அடக்கமான ஒரு பெட்டி, ரெண்டு ஒயர், நுனியில ஒட்டிக்கிற பட்டை. 'டென்ஸ்' மெஷின்னு பேரு. தோல் வழியா லேசா மின்சாரம் விட்டு நரம்பைத் தூண்டி வலியைக் குறைக்கிறது. நாலுமே சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்கிற பிள்ளைங்க ஆன்லைன்ல வாங்கி அனுப்பினது. எங்க வீட்டுல இருக்கிறது என் மகன் அனுப்பினது. அதனால இந்தப் பதிவைப் படிச்சு முதல்ல கோபப்படப் போறவன் அவன்தான். பரவாயில்ல.

என் வீட்டுக்காரிக்கு ஆறேழு வருஷமா முதுகு வலி. மல்லாட்டைக் கொல்லையில குனிஞ்சு குனிஞ்சு களை வெட்டி வந்தது. (உங்க ஊர்ல வேர்க்கடலைன்னு சொல்றதுதான் விழுப்புரம் பக்கம் மல்லாட்டை.) காலையில சுவரைப் பிடிச்சாத்தான் நிமிர முடியும். மெஷின் வந்த அன்னிக்கு இடுப்புல பட்டையை ஒட்டித் திருகினோம். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு"ன்னா. அரை மணி நேரத்துல முகமே மாறிடுச்சு. மறுநாள் காலையிலயும் அதை வெச்சுக்கிட்டு கொல்லைக்குப் போனவ, விட்டுப்போன களையை எல்லாம் ஒரே மூச்சுல வெட்டிட்டு வந்தா. அதுக்கப்புறம் ஒன்பது நாள் கட்டிலை விட்டு எழுந்திருக்கல.

மெஷின் மேல குத்தம் சொல்லல. அது தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சுது. முழங்காலை இடிச்சுக்கிட்டா உடனே கையால தேய்க்கிறோம் இல்லையா? வலி கொஞ்சம் அடங்கும். அது ஏன்னு 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால்னு ரெண்டு விஞ்ஞானிகள் ஒரு விளக்கம் சொன்னாங்க. தண்டுவடத்துல ஒரு கதவு மாதிரி ஏற்பாடு இருக்கு. தொடு உணர்ச்சியைக் கொண்டுவர்ற தடித்த நரம்புகள் சுறுசுறுப்பானா, வலியைக் கொண்டுவர்ற மெல்லிய நரம்புகளுக்குக் கதவு சாத்திக்கும். இந்த மெஷின் பண்றதும் அதேதான், மின்சாரத்தால தேய்க்கிறது. தேய்ச்சா வலி அடங்கும், சரி. இடிச்ச இடம் ஆறிடுமா?

நான் படிக்காதவன் பேசுறேன்னு நினைக்காதீங்க. 2016-ல் இங்கிலாந்தோட 'நைஸ்' அமைப்பு, இடுப்பு வலிக்கு டென்ஸ் கொடுக்க வேண்டாம்னு வழிகாட்டுதல்ல எழுதியிருக்கு. 2023 டிசம்பர்ல உலக சுகாதார நிறுவனமும், குறிப்பிட்ட நோய்க் காரணம் பிடிபடாத நாள்பட்ட இடுப்பு வலிக்கு டென்ஸை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கல. உடற்பயிற்சியையும், வலியைப் புரிஞ்சு சமாளிக்கக் கத்துக்கொடுக்கிறதையும்தான் முன்னால வெச்சுது. கையில போனை வெச்சிருக்கிற பிள்ளைங்க ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இதைத் தேடிப் பார்த்திருக்கலாம்.

"வலி குறையுதே, அது போதாதா?"ன்னு கேப்பீங்க. ஆபீஸ்ல உட்கார்ந்து வேலை பார்க்கிற உங்களுக்குப் போதலாம். வலி குறைஞ்ச அந்த ஒரு மணி நேரத்துல நீங்க பார்க்ல நடப்பீங்க. எங்க ஊர்ல அந்த ஒரு மணி நேரம் நேராக் கொல்லைக்குத்தான் போகும். கூலி வேலைக்குப் போற பொம்பளைக்கு வலி ஒண்ணுதான் லீவு லெட்டர். நீங்க அதையும் பிடுங்கிடுறீங்க.

எங்க களைக்கொத்தைப் பாத்திருக்கீங்களா? பிடி ஒரு முழம் கூட இருக்காது. குனியாம வெட்டவே முடியாது. கலிபோர்னியாவுலயும் இதே மாதிரி குட்டைப்பிடிக் கொத்து இருந்துது. கீரை, சர்க்கரை பீட்ரூட் வயல்ல மெக்சிகோக்காரக் கூலிங்க நாள் முழுக்கக் குனிஞ்சு முதுகு போய் நின்னாங்க. பிடி நீளமானா செடி வெட்டுப்படும்னு பண்ணைக்காரங்க வாதாடினாங்க. வழக்கு நடந்து, 1975-ல் அந்தக் கொத்தையே தடை பண்ணிட்டாங்க. அதுக்கப்புறமும் அங்க கீரை விளைஞ்சுக்கிட்டுதான் இருக்கு. முதுகைச் சரி பண்ண அவங்க கொத்தை மாத்தினாங்க. நாம கொத்தை அப்படியே விட்டுட்டு முதுகுல ஒயர் மாட்டுறோம்.

அந்த ஒன்பது நாளைக்கு அப்புறம்தான் எனக்கே புத்தி வந்துது. கொல்லுப் பட்டறையில சொல்லி, நெஞ்சு உயரத்துக்குப் பிடி வெச்ச கொத்து செஞ்சு வாங்கினேன். நெல்லுக்கு வரிசை நடவு போட்டு, நின்னபடி தள்ளுற கோனோ வீடர். அரசு ஆஸ்பத்திரி பிசியோதெரபி அம்மா நாலு பயிற்சி சொல்லிக் கொடுத்தாங்க. நாள் முழுக்க வேலை செய்றவளுக்கு உடற்பயிற்சியான்னு நானும் சிரிச்சேன். ஒரே பக்கமா ஆறு மணி நேரம் குனியறது உடற்பயிற்சி இல்லன்னு இப்பதான் தெரியுது. வலி முழுசாப் போயிடுச்சான்னா, இல்ல. ஆனா சுவரைப் பிடிக்காம நிமிர்றா.

ஏற்கெனவே மெஷின் வாங்கி அனுப்பியிருந்தா இதையாவது போன்ல சொல்லிடுங்க. பேஸ்மேக்கர் வெச்சவங்க, கர்ப்பிணிங்க, வலிப்பு உள்ளவங்க டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது. கழுத்து முன்பக்கமோ புண் இருக்கிற இடத்துலயோ ஒட்டக்கூடாது. கால் மரத்துப் பலம் குறைஞ்சாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ மெஷினைத் தேடாம உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

அடுத்த தடவை அம்மா முதுகு வலின்னு சொன்னா, "எந்த வேலை செஞ்சு வலிக்குது?"ன்னு கேளுங்க. பதில்ல ஒரு குட்டைப்பிடிக் கொத்தோ, தலைச்சுமையோ கட்டாயம் இருக்கும். காசை அதை மாத்த அனுப்புங்க.

எங்க வீட்டு மெஷினை நான் தூக்கிப் போடல. ராத்திரி வலி தாங்கலைன்னா அரை மணி நேரம் வெச்சுக்குவா, கழட்டிட்டுப் படுப்பா. கொல்லைக்குப் போற நேரத்துல மட்டும் அது பீரோவுல பூட்டியிருக்கும். சாவி என்கிட்ட.