பதினான்கு பைசாவும் ஒரு ரூபாயும்

புனேவுக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர் எவரும் மராத்தியில் விரைவாகக் கற்றுக்கொள்ளும் தொடர்களுள் ஒன்று ‘சுட்டே த்யா’ என்பது. சில்லறை கொடுங்கள் என்று பொருள். பேருந்து நடத்துநரும் ஆட்டோ ஓட்டுநரும் மகாத்மா ஃபுலே மண்டயியில் கொத்தமல்லிக் கட்டு விற்பவரும் இதைத்தான் சொல்கிறார்கள். இதை அன்றாடத் தொல்லை என்று கருதி நாம் கடந்துவிடுகிறோம். ஆனால் சில்லறைத் தட்டுப்பாடு மழைபோல் வானிலிருந்து விழுவதன்று. அது கொள்கையால் விளைவது. அதன் செலவு, கையில் மிகக் குறைந்த பணம் உள்ளவர் தலையில்தான் விழுகிறது. எந்த அவையிலும் விவாதிக்கப்படாத ஒரு வரி என்றே இதைச் சொல்ல வேண்டும்.

முதலில் கணக்கு. 2025 மே 1 முதல், இலவச வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு ஏ.டி.எம். பரிவர்த்தனைக்கும் வங்கிகள் 23 ரூபாய் வரை வசூலிக்க ரிசர்வ் வங்கி இசைவளித்துள்ளது. 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 27 ரூபாய் 14 பைசா. பத்தாயிரம் ரூபாய் எடுப்பவருக்கு இது 0.27 விழுக்காடு, அவர் கவனிக்கவும் மாட்டார். இருநூறு ரூபாய் எடுப்பவருக்கோ 13.5 விழுக்காட்டுக்கும் மேல். ஒரே கட்டணம், ஒரே இயந்திரம். சுமை மட்டும் ஐம்பது மடங்கு வேறுபடுகிறது.

“சொந்த வங்கியில் ஐந்து முறை இலவசம், புனே ஆறு பெருநகரப் பட்டியலில் இல்லாததால் பிற வங்கிகளிலும் ஐந்து முறை இலவசம். போதாதா?” என்று கேட்கலாம். மாதம் ஒருமுறை மொத்தமாக எடுக்க இயன்றவருக்குப் போதும். உதவித்தொகை எப்போது வரும் என்று அறியாமல் இருநூறு, முந்நூறாக எடுத்து நாளைக் கடத்தும் ஆய்வு மாணவருக்கும், அன்றன்று கூலி வாங்கும் கட்டடத் தொழிலாளிக்கும் அது போதாது. சிறுகச் சிறுக எடுப்பது ஊதாரித்தனம் அன்று; பற்றாக்குறையில் வாழ்வோர் கைக்கொள்ளும் சிக்கனம் அது. அந்தச் சிக்கனத்துக்குத்தான் அபராதம் விதிக்கப்படுகிறது.

அந்தப் பதினான்கு பைசாவைச் சற்று எண்ணிப் பாருங்கள். 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் இறுதியோடு புழக்கத்திலிருந்து நீக்கப்பட்டன. பதினான்கு பைசாவை ஒருவர் கையில் கொடுக்க இன்று இந்தியாவில் வழியே இல்லை. ஆயினும் நம் கணக்கிலிருந்து அது பிசகாமல் கழிக்கப்படுகிறது. நமக்குத் திரும்ப வேண்டிய ஒரு ரூபாயோ ‘சுட்டே நாஹீத்’ என்ற சொல்லில் மறைகிறது. அல்லது ஒரு மிட்டாயாக உருமாறுகிறது. நம்மிடமிருந்து எடுக்கும்போது பைசா வரை துல்லியம். நமக்குத் தரும்போது ரூபாய்க்கே கணக்கில்லை.

தட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது? 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை ஆக்கப்பட்டபோது, புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் அவை ஏறத்தாழ 86 விழுக்காடு. 2024 மார்ச் இறுதியில் 500 ரூபாய்த் தாள் மட்டுமே 86.5 விழுக்காடு. இயந்திரம் ஐந்நூறாகக் கொடுக்க, பத்து ரூபாய்ப் பயணச்சீட்டுக்கு அதை நீட்டுகிறோம். நடத்துநர் முகம் சுளிக்கிறார். குற்றம் அவருடையதா, நம்முடையதா என்று நமக்குள் சண்டையிடுகிறோம். 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கியே, அவ்வாண்டு செப்டம்பர் இறுதிக்குள் 75 விழுக்காடு ஏ.டி.எம்.களிலும், 2026 மார்ச் இறுதிக்குள் 90 விழுக்காட்டிலும் 100 அல்லது 200 ரூபாய்த் தாள் கிடைக்கச் செய்யுமாறு ஆணையிட்டது. நோய் எங்கே என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டுமா?

இனி நாணயம். பொதுமக்கள் கேட்டால் நாணயம் வழங்குவதும், அவர்கள் கொண்டுவரும் நாணயத்தைப் பெற்றுக்கொள்வதும் வங்கிக் கிளைகளின் கடமை என்று ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் கூறுகின்றன. இது இலவசத் தொண்டும் அன்று. நாணயத்தை மக்களிடம் சேர்ப்பதற்காக வங்கிகளுக்கு ஊக்கத்தொகை உண்டு. 2021 செப்டம்பர் முதல் அது பை ஒன்றுக்கு 25 ரூபாயிலிருந்து 65 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ‘ரொக்கத்தைக் கையாளச் செலவாகிறது’ என்று வங்கிகள் முறையிடும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் சேமிப்புக்கு அவை தரும் சொற்ப வட்டியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சில்லறை கிடைக்காத ஊரில் விலைகள் மேல்நோக்கியே முழுமையாகின்றன. 2025 ஜூன் 1 முதல் இந்நகரப் பேருந்துக் கட்டணங்கள் பத்தின் மடங்குகளாயின. இரண்டு கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் கொடுத்தவர் இப்போது பத்து கொடுக்கிறார். செலவு பெருகியதே காரணம் என்று பி.எம்.பி.எம்.எல். நிர்வாகம் சொன்னது, இருக்கட்டும். ஆனால் ஐந்து ரூபாய்ப் பயணம் என்ற ஒன்றே மறைந்தபோது யாருடைய பயணம் இரட்டிப்பாயிற்று என்று கேட்க வேண்டாமா?

“யு.பி.ஐ. இருக்கிறதே” என்பது நம் கருத்தரங்கு உணவு இடைவேளைகளில் தவறாமல் வரும் விடை. அதன் வசதியை நான் மறுக்கவில்லை. ஆனால் அது தானாக இலவசமாகவில்லை. சிறு வணிகர்களிடம் நடக்கும் 2,000 ரூபாய் வரையிலான யு.பி.ஐ. பரிவர்த்தனைகளை ஊக்குவிக்க, 2024-25 நிதியாண்டுக்குச் சுமார் 1,500 கோடி ரூபாய் ஒதுக்க ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதாவது, ஒரு வகைப் பணத்தை இலவசமாக்கப் பொதுப்பணம் செலவாகிறது. இன்னொரு வகைப் பணத்தைத் தொடுவதற்குத் தனிமனிதர் கட்டணம் செலுத்துகிறார். இது தொழில்நுட்பத்தின் இயல்பான போக்கன்று. அரசு செய்த தேர்வு.

அடித்தட்டு மக்களுக்கென வகுத்த கணக்குகளின் கதை இன்னும் கசப்பானது. அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் மாதம் நான்கு முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம். நான்கைத் தாண்டிய ஒவ்வொரு பற்றுக்கும், மின்னணுப் பரிவர்த்தனை உட்பட, பாரத ஸ்டேட் வங்கி 17 ரூபாய் 70 பைசா பிடித்ததை மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆசிஷ் தாஸ் 2021இல் தம் ஆய்வில் எடுத்துக்காட்டினார். 2015 முதல் 2020 வரை சுமார் 12 கோடிக் கணக்குகளிலிருந்து 300 கோடி ரூபாய்க்கு மேல். மின்னணு வழிகளுக்கு 2020 ஜனவரி 1 முதல் பிடித்த கட்டணத்தைத் திருப்பித் தருமாறு மத்திய நேரடி வரிகள் வாரியம் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. அந்தச் சுற்றறிக்கை ரொக்கத்தைத் தொடவில்லை.

இந்நகரின் ஃபெர்குசன் கல்லூரியில் கற்பித்த கோபால கிருஷ்ண கோகலே, 1902இல் வைசிராயின் சட்டமன்றத்தில் ஆற்றிய முதல் வரவுசெலவுத் திட்ட உரையிலேயே உப்பு வரியைத் தாக்கினார். உப்பு வரி எல்லோருக்கும் ஒன்றுபோல் தோன்றும். ஆனால் வறியவரின் வருவாயிலிருந்துதான் பெரும்பங்கைப் பறிக்கும். அடுத்த ஆண்டே அது மணங்குக்கு இரண்டரை ரூபாயிலிருந்து இரண்டாகக் குறைந்தது; 1907இல் ஒரு ரூபாயாயிற்று. ஏ.டி.எம். கட்டணம் உப்பு வரியின் அதே இலக்கணத்தில் அமைந்தது. கோகலே பெயரில் பொருளியல் நிறுவனம் நடத்தும் ஊரில் இருந்துகொண்டு இதைப் பற்றி வாய் திறக்காமலிருப்பது நமக்கு அழகன்று.

கேட்க வேண்டியவை மூன்று. ஐந்நூறு ரூபாய்க்கு உட்பட்ட பணமெடுப்புக்குக் கட்டணம் கூடாது. அதற்கு மேல் எடுக்கும் தொகையின் விகிதத்தில்தான் இருக்க வேண்டும். நாணய வழங்கலுக்கு ஊக்கத்தொகை பெறும் வங்கிகள், கிளைவாரியாக எவ்வளவு வழங்கின என்பதை வெளியிட வேண்டும். யு.பி.ஐ.க்கு மானியம் தரும் அரசு, அடிப்படைக் கணக்குகளின் ரொக்கச் செலவையும் ஏற்க வேண்டும்.

இவை டெல்லியிலும் மும்பையிலும் முடிவாக வேண்டியவை. வளாகத்தில் நாமே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. விடுதி மாணவர் குழுக்கள், வளாக வங்கிக் கிளையில் உணவகத்துக்கும் நகலெடுக்கும் கடைக்கும் வாரந்தோறும் நாணயப் பை கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கட்டும். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேட்கட்டும். விதி நம் பக்கம் இருக்கிறது. இதுவரை அதை எடுத்துக்காட்டிக் கேட்க ஆளில்லை என்பதே கவுண்டருக்கு அப்பால் இருப்பவர்களின் துணிவு.