கையெழுத்திட்ட பின்னும் கடமை உண்டு

பிறர் சொல்லக் கேட்டு அறிவது ஒருவகை. தானே பட்டு அறிவது மற்றொருவகை. பின்னதற்கு நம் மொழியில் பட்டறிவு என்று பெயர். நான் பட்டு அறிந்த ஒரு விஷயத்தை மற்ற அங்கத்தினர்கள் படாமலே அறிந்துகொள்ளட்டும் என்னும் எண்ணத்தினால் இதை எழுதுகிறேன். விஷயம் புதியதன்று. நம்மில் பலர் என்றேனும் ஒருநாள் செய்திருக்கக்கூடிய காரியம்தான். இன்னொருவர் வாங்கும் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதைப் பற்றியே சொல்லப்போகிறேன்.

நான் பவானிப் பக்கத்தில் ஜமக்காளம் நெய்பவன். என் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி ஒரு விவசாயக் குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை என்னை அண்ணா என்று அழைப்பவர். இரத்த சம்பந்தம் இல்லாவிட்டாலும் எங்கள் வீட்டு நல்லது கெட்டதுகளில் முன்னே வந்து நிற்பவர். 2011ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒருநாள் அவர் என் தறிக்குழி அருகே வந்து நின்றார். கிணற்றுக்குப் புது மோட்டாரும் தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் குழாயும் போடுவதற்கு ரூ.80,000 கடன் கேட்டிருப்பதாகவும், அதற்கு இரண்டு பேர் ஜாமீன் வேண்டும் என்றும் சொன்னார்.

“அண்ணா, ஒரு கையெழுத்துத்தான். மஞ்சள் எடுத்தவுடன் தவணையைக் கட்டிவிடுவேன்” என்றார்.

அதற்கு முந்தைய ஆண்டில் மஞ்சள் விலை எவரும் எதிர்பாராத உயரத்திற்குப் போயிருந்தது. ஆகையால் அவர் பேச்சில் எனக்கு ஐயம் எழவில்லை. “அதற்கென்ன தம்பி” என்று சொல்லி, நாடாவை வைத்துவிட்டுக் குழியிலிருந்து எழுந்து, அவர் விரல் காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்திட்டேன். தாளில் என்ன எழுதியிருந்தது என்று படிக்கவில்லை. சில இடங்கள் நிரப்பப்படாமல் வெறுமையாக இருந்தன என்பது மட்டும் நினைவிருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் காரியம் முடிந்தது. மாலைக்குள் அதை மறந்தும் போனேன்.

மஞ்சள் ஏறத்தாழ ஒன்பது மாதப் பயிர். வைகாசி, ஆனியில் நட்டது தை, மாசியில் வெட்டுக்கு வரும். 2012 மாசியில் அவர் தோட்டத்து மஞ்சள் வெந்து, காய்ந்து, மெருகேறி மூட்டையானபோது விலை சரிந்து கிடந்தது. முதல் தவணைக்கு வட்டியும், அசலில் ரூ.12,000-மும் எப்படியோ கட்டினார். மீதி மூட்டைகளை, விலை திரும்பும் என்று நம்பி இருப்பு வைத்தார். விலை திரும்பவில்லை. நாள் ஆக ஆக மூட்டைகளில் வண்டு விழுந்ததுதான் மிச்சம். அடுத்த தவணை தவறியது, அதற்கடுத்ததும் தவறியது. இவற்றில் ஒன்றும் எனக்குத் தெரியாது. அவர் சில காலமாக எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை என்பதைக் கவனித்தேன். தோட்டத்தில் வேலை அதிகம் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

2013ஆம் ஆண்டு ஆவணியில் எனக்கு நோட்டீசு வந்தது. அசலில் நிலுவை ரூ.68,000, வட்டி, அபராத வட்டி, செலவு வகையில் ரூ.15,000, ஆக மொத்தம் ரூ.83,000. வாங்கிய கடனைவிட நிலுவை பெரிதாகிவிட்டது. கடன் வாங்கியவர் பெயருக்குக் கீழே என் பெயரும், இன்னொரு ஜாமீன்தாரர் பெயரும் அச்சாகியிருந்தன.

அன்றிரவு எங்கள் வீட்டில் உலை ஏறவில்லை. ஜமக்காளம் நெய்து கூலி வாங்கும் வீட்டில் ரூ.83,000 என்பது எத்தனை மாதத்து உழைப்பு என்று நெசவாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் அவர் வீட்டு வாசலில் நின்று, சொல்லத்தகாத வார்த்தைகளைச் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. அதன்பின் இரண்டு குடும்பத்துக்கும் போக்குவரத்து நின்றது. பெண்கள் தண்ணீர்க்குழாயடியில்கூட முகம் பார்ப்பதில்லை. என் மனைவியின் சங்கிலியை அடகுவைத்து ரூ.30,000 கட்டினேன்.

பல மாதங்கள் கழித்து, ஓய்வுபெற்ற ஒரு கூட்டுறவு அலுவலர் எங்கள் மூவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினார். அப்போதுதான் அவர் வாய் திறந்தார்.

“அண்ணா, தவணை தவறிய மாதமே உங்களிடம் வந்து சொல்ல நினைத்தேன். நீங்கள் அதைப்பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. நானாக எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டே நாளைக் கடத்திவிட்டேன்.”

இந்த வார்த்தை என்னை நோட்டீசைவிட அதிகமாகச் சுட்டது. அவர் செய்தது தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால் நான் செய்தது என்ன? இரண்டு ஆண்டுகளில் ஒருமுறையாவது “தம்பி, தவணை கட்டியாயிற்றா?” என்று கேட்டிருந்தால் விஷயம் அன்றே வெளிவந்திருக்கும். இருப்பு மூட்டைகளில் பாதியையாவது கிடைத்த விலைக்கு விற்றுத் தவணையைக் கட்டச் செய்திருக்கலாம். அல்லது மூவருமாகச் சங்கத்துக்குப் போய், நிலுவை முற்றுவதற்கு முன்பே தவணையை மாற்றி அமைக்கும்படி கேட்டிருக்கலாம். நான் கையெழுத்துப் போட்டது என் பிழையன்று. போட்டதோடு கடமை தீர்ந்தது என்று எண்ணியதே பிழை.

அந்த அலுவலரிடம் தெரிந்துகொண்ட சட்ட விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர், கடன் வாங்கியவரின் சொத்தை முதலில் ஏலம் போட்டு, அது போதாவிட்டால்தான் ஜாமீன்தாரரிடம் வருவார்கள் என்று எண்ணுகிறோம். நானும் அப்படியே எண்ணியிருந்தேன். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு வேறுவிதமாகச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், கடன்பட்டவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பும் ஜாமீன்தாரருக்கு உண்டு. கடன் கொடுத்தவர் நேரே ஜாமீன்தாரரிடமே வசூலுக்கு வரலாம். கேட்காமல் இருந்துவிட்டார்களே, அதனால் நம் பொறுப்பு தீர்ந்துவிடாதா என்றால், வழக்குத் தொடராமல் பொறுத்திருந்தது மட்டும் ஜாமீன்தாரரை விடுவிக்காது என்று 137ஆம் பிரிவு கூறுகிறது.

சட்டம் ஜாமீன்தாரருக்குச் சில பாதுகாப்புகளும் கொடுத்திருக்கிறது. முறையாகக் கட்டிய தொகையைக் கடன் வாங்கியவரிடமிருந்து திரும்பப் பெற 145ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஒரே கடனுக்கு இருவர் ஜாமீன் நின்றால், அவர்களுக்குள் வேறு ஏற்பாடு இல்லாதபோது, சுமையைச் சமமாகப் பகிர வேண்டும் என்பது 146ஆம் பிரிவு. ஜாமீன்தாரருக்குத் தெரியாமல் கடனின் நிபந்தனைகளை மாற்றினால், அதற்குப்பின் நடக்கும் வரவு செலவுக்கு அவர் பொறுப்பாளியல்லர் என்று 133ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் என்ன நிபந்தனைக்குக் கையெழுத்திட்டோம் என்றே அறியாதவன், அது மாறியதை எப்படி அறிவான்?

இப்படி அடிபட்டவர்கள் சாதாரணமாக ஒரு முடிவுக்கு வருவார்கள்: “இனி பெற்ற தகப்பனுக்கும் ஜாமீன் போடமாட்டேன்.” நானும் ஓராண்டு அப்படிச் சொல்லித் திரிந்தேன். அது சரியான பாடமன்று என்று இப்போது கருதுகிறேன். ஏனெனில் கூட்டுறவு இயக்கமே ஒருவருக்கொருவர் பிணை நிற்பதில் பிறந்ததாகும். ஜெர்மனியில் 1864ஆம் ஆண்டு ரைபைசன் என்பார் கிராமத்துக் கடன் சங்கத்தை அமைத்தபோது, அடகுவைக்கப் பொருள் இல்லாத குடியானவர்கள் ஒருவர் கடனுக்கு எல்லாரும் பொறுப்பு என்று ஒத்துக்கொண்டார்கள். அந்த முறையை ஆராய்ந்து சென்னை மாகாணத்துக்கு அறிக்கை தந்தவர் பிரடெரிக் நிக்கல்சன். அவ்வறிக்கை 1895, 1897ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. பின்னர் 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டே திருவள்ளூருக்கு அருகேயுள்ள திரூரில் விவசாயிகளின் கடன் சங்கம் தோன்றியது. அந்தச் சட்டத்தில் கிராமச் சங்கங்களின் அங்கத்தினர் பொறுப்பு பொதுவாக எல்லையற்றது என்றே வைத்திருந்தார்கள்.

எல்லையற்ற பொறுப்பு என்பது கேட்பதற்கு அச்சம் தரும். அதன் உட்கருத்து வேறு. சங்கம் ஒரு சிறு ஊருக்குள் இருக்க வேண்டும். ஒருவர் தோட்டத்தில் பயிர் எப்படி இருக்கிறது, வாங்கிய பணம் வாங்கிய காரியத்துக்குச் செலவாயிற்றா என்று மற்றவர்கள் கண்ணால் காண வேண்டும். தளர்ந்தவரைக் காலத்தில் தாங்க வேண்டும். கவனிப்பதற்காகத்தான் பொறுப்பு. நாமோ பொறுப்பைத் தாளில் வைத்துக்கொண்டு கவனிப்பைக் கைவிட்டோம்.

ஆகவே ஜாமீன் நிற்கும் அங்கத்தினர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள்.

முதலாவது, தாளைப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் வீட்டில் படித்த பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தொகை, காரியம், வட்டி, தவணைத் தேதி ஆகிய நான்கும் நிரப்பப்படாத தாளில் கையெழுத்திடாதீர்கள். ஒரு நகல் உங்கள் பெட்டியில் இருக்கட்டும்.

இரண்டாவது, தறியையும் நிலத்தையும் விற்காமல் உங்களால் எவ்வளவு கட்ட முடியுமோ, அவ்வளவுக்கே ஜாமீன் நில்லுங்கள். அதற்குமேல் கேட்டால், முகம் வாடினாலும் பாதகமில்லை என்று அன்றே சொல்லிவிடுவது நல்லது. ஒருநாள் மனவருத்தம் ஆறிவிடும். நான் பட்ட மனவருத்தம் ஆற ஆண்டுகள் பிடித்தன.

மூன்றாவது, தவணைத் தேதியை உங்கள் வீட்டு நாட்காட்டியிலும் குறித்து வையுங்கள். தேதிக்கு ஒரு வாரம் முன்பே கேளுங்கள். கட்டிய ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். இது சந்தேகப்படுவதாகாது. கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. கேட்டால்தான் அவருக்கும் சொல்ல வாய் வரும்.

நான்காவது, தவணை தவறினால் அந்த மாதமே இருவருமாகச் சங்கத்துக்குப் போங்கள். ஒரு தவணை தவறியபோது இருக்கும் வழிகள் நான்கு தவணை தவறியபின் இரா. உங்கள் கையிலிருந்து பணம் கட்ட நேர்ந்தால், உங்கள் பெயருக்கே ரசீது பெறுங்கள்.

கடன் வாங்கும் அங்கத்தினர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்காகக் கையெழுத்திட்டவரிடம் கஷ்டத்தை மறைப்பது மரியாதையாகாது. நோட்டீசு அவர் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் நீங்கள் போக வேண்டும்.

சங்கங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. முதல் தவணை தவறிய மாதமே ஜாமீன்தாரருக்கும் தகவல் தரவேண்டும். நிலுவை முற்றியபின் கெட்டித்தாளில் நோட்டீசு அனுப்புவதால் என்ன பயன்? இக்காலத்தில் பெரும்பாலான அங்கத்தினர்களிடம் கைப்பேசி இருக்கிறது. இரண்டு வரிச் செய்தி அனுப்புவதற்குச் செலவு மிகச் சொற்பம். அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவரும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கெட்ட கடன் குறைந்தால் சங்கத்துக்கும் லாபம். இரண்டு குடும்பங்கள் பகையாவதும் குறையும்.

என் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். அந்த அலுவலர் முன்னிலையில் மீதியைச் சிறு தவணைகளாகப் பிரித்துக்கொண்டோம். இன்னொரு ஜாமீன்தாரரும் தம் பங்கைத் தந்தார். தம்பி ஒரு கறவை மாட்டை விற்றார். பிறகு இரண்டு போகப் பயிரில் சங்கத்துக்கும் எங்களுக்கும் உரியதை அடைத்துத் தீர்த்தார். சங்கிலியும் மீண்டது. 2018ஆம் ஆண்டு அவர் வேறொரு சிறு கடனுக்கு விண்ணப்பித்தபோது, கூசிக்கொண்டே வந்து என்னைக் கேட்டார். தாளை வாங்கி முழுவதும் படித்தேன், தவணைத் தேதியைக் குறித்துக்கொண்டேன், பிறகு கையெழுத்திட்டேன். தேதி வருமுன் நான் கேட்பேன். கேட்குமுன் அவரே ரசீதைக் கொண்டுவந்து காட்டுவார். அந்தக் கடன் ஒருநாளும் தவறாமல் தீர்ந்தது.

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்தி, அங்கேயே பிணைத்துவிட்டுத்தான் மேலே நெய்கிறான். நான்கு முழம் நெய்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதில்லை. வாய்க்கால் உடைந்தால் விவசாயி இரவென்றும் பாராமல் மண்வெட்டியோடு ஓடுகிறான். நம் தொழிலில் நாம் அறிந்திருக்கும் இந்தப் பாடத்தைக் கையெழுத்து விஷயத்திலும் கைக்கொள்வோமாக.